என் போன்ல அவளுக்கு நான் வெச்ச பேரு

நம்பர் சொல்லுங்க. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இத நான் சொல்லுவேன். மலையாளத்துல சொல்லுவேன், தமிழ்ல சொல்லுவேன், ஊர் சுத்திப் பாக்க வர்ற வடக்கத்திக்காரங்ககிட்ட எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொல்லுவேன். மட்டாஞ்சேரியில மூணு மாடித் துணிக்கடை ஒண்ணுல பில் போடுற வேலை எனக்கு. பதினோரு வருசமா அதே நாற்காலி. முன்னெல்லாம் துணிய வாங்கி, மிஷின்ல காட்டி, பில்லக் கிழிச்சுக் குடுத்தா முடிஞ்சுது. எங்க முதலாளி ஒரு நாள் இடப்பள்ளி மாலுக்குப் போயிட்டு வந்தாரு. "அங்க எல்லார்கிட்டயும் நம்பர் வாங்குறாங்க, நாம மட்டும் என்ன மட்டமா"ன்னு கம்ப்யூட்டர்ல ஒரு கட்டத்த வெச்சுட்டாரு. அதுல பத்து எண் விழுந்தாத்தான் பில் வெளிய வரும்.

முக்காவாசிப் பேரு கேட்டதுமே ஒப்பிச்சிருவாங்க. சில பேரு முறைப்பாங்க. "ஒரு கைக்குட்டைக்கு எதுக்கும்மா நம்பரு?"ன்னு ஒரு பெரியவர் என்கிட்ட கால் மணி நேரம் சண்டை போட்டாரு. பெரிய இவரு, இவர் நம்பர வெச்சு நாங்க என்ன கோட்டை கட்டப் போறோமான்னு மனசுக்குள்ள திட்டினேன். பின்னாடி வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. வேற வழியில்லாம என் நம்பரையே போட்டு பில்ல எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் யாரு மாட்டேன்னாலும் என் நம்பர்தான். கம்ப்யூட்டர் கணக்குப்படி நான் கல்யாண மாப்பிள்ளை வேட்டி வாங்கியிருக்கேன், நாலு பர்தா வாங்கியிருக்கேன், பொறந்த குழந்தைக்குத் துண்டு வாங்கியிருக்கேன்.

கொஞ்ச நாள்ல என் போன் ஓயாம அடிக்க ஆரம்பிச்சுது. மனை வேணுமா, லோன் வேணுமா, பிள்ளைக்குப் பால்பவுடர் வேணுமா. என் பையன் படிப்பு முடிச்சு பெங்களூர்ல வேலைக்குப் போய் ரெண்டு வருசம் ஆச்சு, என்கிட்ட பால்பவுடர் கேக்குறானுங்க. சோத்துல கை வெச்சா ரிங்கு, குளிக்கப் போனா ரிங்கு. எரிச்சல் தாங்கல. சேலை செக்சன்ல இருக்குற பொண்ணுதான் என் போன வாங்கி ஒரு ஆப் போட்டுக் குடுத்தா. "சேச்சி, இது இருந்தா தெரியாத நம்பர்ல யாரு கூப்பிடுறாங்கன்னு பேரோட காட்டும்"னா. அது வரிசையா என்னென்னவோ அனுமதி கேட்டுச்சு. என் போன்ல இருக்குற பேரையெல்லாம் பாத்துக்கட்டுமான்னும் கேட்டிருக்கும். கஸ்டமர் நின்னுட்டு இருந்தாங்க, நான் சரி சரின்னு அமுக்கிட்டே போனேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் வேலை செஞ்சுது. லோன்காரன் கூப்பிட்டா லோன்காரன்னு செவப்புல காட்டும், நான் எடுக்க மாட்டேன். எனக்கு ஒரே பெருமை. தெருவுல நாலு பேரு போன்ல நானே அத ஏத்திக் குடுத்தேன்.

இப்ப எங்க ஆளுங்க போன்ல பேரு வைக்கிற முறையச் சொல்லணும். நான் இங்கயே பொறந்தவ. மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சேன், தமிழ் எழுத்த வாரப் பத்திரிகை பாத்துத்தான் கத்துக்கிட்டேன். என் வீட்டுக்காரர் கார்ப்பரேஷன்ல துப்புரவு வேலை. எங்க தெருவுல பாதிப் பேரு எங்கள மாதிரி பழைய ஆளுங்க, பாதிப் பேரு தமிழ்நாட்டுல இருந்து கட்டட வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் புதுசா வந்தவங்க. எல்லாருக்கும் அதே பத்துப் பேருதான். என் போன்ல ஒரே பேருல ஆறு பொம்பளைங்க உண்டு. வெறும் பேரப் போட்டா யாரு எவருன்னு தெரியாது. அதனால பேரு, அப்புறம் சொந்த ஊரு, அப்புறம் ஆள அடையாளம் சொல்ல ஒரு வார்த்தை, கடைசியா இங்க எங்க இருக்காங்கன்னு போட்டுருவோம். கம்பம், கொத்தனார், சுள்ளிக்கல். தேனி, மீன்வண்டி, சிவப்பு கேட் வீடு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சு வெச்சிருப்போம், அதுதான் கைக்குச் சுளுவு. எங்க தெருவுல யார் போன எடுத்தாலும் இதே கதைதான்.

போன வருசம் மழைக்கு முந்தி ஒருத்தி வந்தா. முப்பது வயசு இருக்கும். கையில எட்டு வயசுப் பொண்ணு. எங்க வீட்டுக்கு எதிர்ல சுக்கு மூட்டை அடுக்குற குடோன், அது மாடியில ஒரு ரூம், அதுக்குக் குடி வந்தா. போர்ட் கொச்சியில சின்ன ஹோட்டல் ஒண்ணுல சமையல்கட்டு வேலை பிடிச்சுக்கிட்டா. நான்தான் வாயப் புடுங்குறவளாச்சே, வந்த வாரமே போய் உக்காந்து சாயா குடிச்சுட்டு ஊரு என்ன பேரு என்னன்னு கேட்டேன். சாத்தூர்னா. வீட்டுக்காரர் எங்கன்னேன். சாயா கிளாஸ எடுத்துட்டுக் கழுவப் போயிட்டா. அவளுக்கு இடது காது கேக்காது. போன வலது காதுலதான் வெப்பா, நாம இடது பக்கம் இருந்து பேசினா ஒடம்பையே திருப்பிக்கிட்டு வலது காதக் குடுப்பா. ஏன் கேக்கலன்னு நான் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல. கேக்காமலே புரிஞ்சுது.

ரெண்டு மாசம் போனதும் அவளாவே கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னா. புருசனுக்குத் தெரியாம வந்துட்டா. பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவேன்னு அவன் எப்பவும் மிரட்டுவானாம். அதனால ஜாக்கிரதைன்னா ஜாக்கிரதை, அப்படி ஒரு ஜாக்கிரதை. பழைய சிம்ம ஊர்லயே சாக்கடையில போட்டுட்டா. போன்ல போட்டோ வைக்கல. ஆதார்ல ஊர் அட்ரஸ மாத்தல. பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது டீச்சர் கையப் புடிச்சுக்கிட்டு, ஆண்டு விழா போட்டோவ எங்கயும் போட்டுறாதீங்கன்னு அழுதிருக்கா. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புத்தான். இந்தக் கொச்சியில இத்தனை லட்சம் ஜனத்துல இவள எவன் தேடுவான்னு நெனச்சேன்.

ஒரு நாள் எங்க கடைக்கு வந்தா. பிள்ளைக்கு ஓணத்துக்குப் பள்ளிக்கூடத்துல பாவாடை சட்டை கேட்டிருந்தாங்க. வாங்கிட்டு என் முன்னாடி வந்து நின்னா. நானும் வாய்ப் பழக்கத்துல நம்பர் சொல்லுன்னேன். அவ முகம் சுண்டிப் போச்சு.

"நம்பர் குடுக்கணுமாக்கா?"

"குடும்மா, யாரும் தின்னுற மாட்டாங்க."

அவ ரெண்டு பக்கமும் பாத்துட்டு, மெதுவா ஒவ்வொரு எண்ணாச் சொன்னா. ஊருக்கெல்லாம் என் நம்பரப் போடுற நான், அவளுக்குப் போடல. ஏன்னா எனக்கே அவ நம்பர் வேணும்னு இருந்துச்சு. எத்தனை தடவை கேட்டும் சிரிச்சு மழுப்பிட்டே இருந்தா. எதிர்வீட்டுக்காரி நம்பர் என்கிட்ட இல்லாம இருக்குறது எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல அடிச்ச கையோட என் போன்லயும் ஏத்திக்கிட்டேன்.

அப்பதான் ஒரு சிக்கல். அதே பேருல, அதே சாத்தூர்ல இருந்து வந்த இன்னொருத்தி ஏற்கனவே என் போன்ல இருந்தா. கோயில் பக்கத்துல பூ கட்டி விக்கிறவ. அவளுக்குப் பூக்காரின்னு போட்டிருந்தேன். இவளுக்கு என்ன போடுறது? ஒரு நிமிசங்கூட யோசிக்கல. பேரு, சாத்தூர், ஓடி வந்தவ, மட்டாஞ்சேரி சுக்குக் குடோன் மாடி. அடுத்த கஸ்டமரக் கூப்பிட்டுட்டேன்.

நாலு மாசம் ஒண்ணும் இல்ல. நான் அத மறந்தே போனேன்.

தை மாசம் அவ அம்மாவுக்கு ஆபரேசன்னு அவ நம்பர் தெரிஞ்ச ஒரே ஒரு ஊர்த் தோழி மூலமாத் தகவல் வந்துச்சு. ரெண்டு நாள் அவ தவிச்சத நான் பாத்தேன். மாடி வராந்தாவுல போன வெச்சுக்கிட்டு நடப்பா, உக்காருவா, திரும்ப நடப்பா. கடைசியில, "வெறும் நம்பர்தானக்கா, அதுல ஊரா எழுதியிருக்கு"ன்னு என்கிட்ட கேட்டா. பேசு, பெத்தவகிட்டப் பேசாம எப்படின்னு நான்தான் தைரியம் சொன்னேன். அம்மாவோட போனுக்குக் கூப்பிட்டு ரெண்டு நிமிசம் பேசினா. எங்க இருக்கேன்னு அம்மாகிட்டகூடச் சொல்லல.

நாலாம் நாள், ஞாயித்துக்கெழமை மத்தியானம், படியில தடதடன்னு எறங்கி வந்து என் வீட்டுக் கதவத் தட்டினா.  அவன் கூப்பிட்டானாம். மாமியாரப் பாக்கப் போன இடத்துல அவங்க போன எடுத்துப் பாத்து நம்பரப் புடிச்சிருக்கான். அதுகூடப் பரவால்ல. "மட்டாஞ்சேரியில சுக்குக் குடோன் மாடியில இருக்கியாமே, மூட்டை நெடி பிள்ளைக்கு ஒத்துக்குதா"ன்னு கேட்டிருக்கான்.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. யாரு சொன்னாங்கன்னு கண்டுபுடிக்காம விடுறதில்லன்னு கெளம்பிட்டேன். அன்னிக்கு நான் போன எடமெல்லாம் நெனச்சா இப்பக் கூச்சமா இருக்கு. பார்சல் குடுக்குற பையனப் புடிச்சு, யாருகிட்டடா அட்ரஸ் சொன்னேன்னு சட்டையப் புடிக்காத குறையாக் கேட்டேன். அவ வேலை பாக்குற ஹோட்டலுக்கே போய், இவ ஆதார் நகல யாருக்குக் குடுத்தீங்க சேட்டான்னு முதலாளிகிட்ட எகிறினேன். அந்த மனுசன் பயந்துபோய் அலமாரியத் தொறந்து அந்த நகல எடுத்துக் காட்டினாரு, பத்திரமா இருந்துச்சு. பள்ளிக்கூடத்து வாட்ச்மேனையும் விடல. கடைசியாப் பூக்காரி. சாத்தூர்க்காரி, அவதான் ஊருக்குப் போய் ஊதியிருப்பான்னு முடிவே பண்ணிட்டேன். கோயில் வாசல்ல, நாலு பேரு முன்னாடி, நீயெல்லாம் பொம்பளையான்னு கேட்டுட்டேன்.

பூக்காரி கட்டிட்டு இருந்த பூவக் கீழ வெச்சா. "அந்தப் பொண்ணு எங்க ஊருன்னே எனக்கு இப்ப நீ சொல்லித்தான் தெரியும்"னா. நான் நம்பல. நடிக்காதன்னு சொல்லிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் திரும்பக் கூப்பிட்டான். நான் ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன். குரல் சாதாரணமாத்தான் இருந்துச்சு. கத்தல. பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, புதன்கெழமை வர்றேன், பிள்ளைய ரெடி பண்ணி வைன்னான்.  அதுக்கப்புறம் சொன்னான். "உனக்கு அங்க என்ன பேருன்னு தெரியுமாடி? ஓடி வந்தவ. எழுதியே வெச்சிருக்காங்க. எவ்வளவு மரியாத பாரு."

 ஓடி வந்தவன்னு அவள எங்க தெருவுல யாரும் சொன்னதில்ல. நானும் வாயத் தொறந்து சொன்னதில்ல, என் வீட்டுக்காரர்கிட்டகூட. அந்த வார்த்தை இருந்தது ஒரே எடத்துல.

மறுநாள் கடையில சேலை செக்சன் பொண்ணுகிட்ட, ஒரு நம்பரத் தட்டினா உன் போன்ல பேரு காட்டுமான்னு கேட்டேன். அவளும் அதே ஆப்தான் வெச்சிருந்தா. எதிர்வீட்டுக்காரி நம்பரத் தட்டினோம். ஒரு சக்கரம் சுத்துச்சு. வந்துச்சு. பேரு, சாத்தூர், ஓடி வந்தவ, மட்டாஞ்சேரி சுக்குக் குடோன் மாடி. நான் அடிச்ச ஒரு எழுத்துத் தப்புகூட மாறாம அப்படியே இருந்துச்சு. "சேச்சி, நீங்க பேர எல்லாம் பாக்க விட்டீங்கல்ல, அங்கயிருந்து எடுத்திருக்கும். இப்படித்தானே எல்லாருக்கும் பேரு தெரியுது"ன்னு அந்தப் பொண்ணு சர்வ சாதாரணமாச் சொன்னா. லோன்காரன் பேரு எனக்கு எங்கயிருந்து தெரியுதுன்னு நான் ஒரு நாள்கூட யோசிச்சதில்ல. மலையாள எழுத்துல போட்டிருந்தா அவனுக்கு ஒரு மண்ணும் புரிஞ்சிருக்காது. அந்தப் புத்தியும் எனக்கு இல்ல.

தலைவலின்னு லீவு சொல்லிட்டு வந்தேன். அவகிட்ட சொல்லணும். குடோன் படியில ஏறினேன், பாதியில எறங்கினேன். திரும்ப ஏறினேன். சொல்லாம விட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல. பழி பூக்காரி மேலயோ ஹோட்டல் மேலயோ கெடந்துட்டுப் போகும். அப்படியும் நெனச்சேன், மறைக்க மாட்டேன். மூணாவது தடவை எறங்கும்போது மேல இருந்து குரல் வந்துச்சு.

"என்னக்கா ஏறுறீங்க, எறங்குறீங்க?"

உள்ள போனேன். சாக்குல பாத்திரத்தத் திணிச்சுட்டு இருந்தா. நான் போனத் தொறந்து அவ பேரு இருக்குற பக்கத்த எடுத்து நீட்டினேன். நான்தான், என் போன்ல இருந்துதான் போயிருக்குன்னு சொன்னேன். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடாது. வாங்கிப் பாத்துட்டு, நான் தடுக்குறதுக்குள்ள பிள்ளைகிட்டக் குடுத்து, என்ன போட்டிருக்கு படின்னா. பிள்ளை எழுத்தக் கூட்டிக் கூட்டிப் படிச்சுது. அம்மா பேரு. சாத்தூர். ஓடி வந்தவ. படிச்சுட்டு அம்மா மூஞ்சியப் பாத்துச்சு.

 அவ வலது காத என் பக்கம் திருப்பாமலே பேசினா. "நான் ஓடி வரலக்கா. ஒரு மாசம் யோசிச்சேன். பிள்ளையோட சர்ட்டிபிகேட்ட ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வெச்சேன். ஒரு நாளைக்கு ஒரு டிரெஸ்ஸு. காலையில வாசல் தெளிச்சு, அவனுக்குச் சோறு வடிச்சு வெச்சுட்டு, கதவச் சாத்திட்டு நடந்து வந்தேன்."

நான் அழுதேன். அவ அழல. நம்பர அழிச்சுறேன், இப்பவே அழிக்கிறேன்னு அவ முன்னாடியே அழிச்சேன். என் போன்ல இருந்து போச்சு. அவ்வளவுதான் போச்சு. அந்த ஆப்ல இருந்து எடுக்கணும்னா நம்பருக்குச் சொந்தக்காரங்கதான் கேக்கணுமாம், அந்த நம்பருக்கு ஒரு ரகசிய எண் வருமாம். அதெல்லாம் எனக்குத் தெரிஞ்சது பின்னாடி. அதுக்குள்ள அவ சிம்மக் கழட்டி, என் வீட்டுக் கத்திரியாலயே ரெண்டா வெட்டிட்டா.

புதன்கெழமை விடியறதுக்கு முன்ன, மொத படகுக்குக் கெளம்பினா. படகுத்துறை வரைக்கும் நான் மூட்டையத் தூக்கிட்டுப் போனேன். பிள்ளை அந்தப் பாவாடை சட்டையப் போட்டிருந்துச்சு. எங்க போறேன்னு நான் கேக்கல. "உங்ககிட்ட சொல்லலக்கா, கோவிச்சுக்காதீங்க"ன்னா. கோவிச்சுக்க எனக்கு என்ன இருக்கு.

அவன் மத்தியானம் வந்தான். ராட்சசன் மாதிரி ஒருத்தன் வருவான்னு நெனச்சிருந்தேன். சாதாரண ஆளு. தேச்ச சட்டை, நெத்தியில திருநீறு. கையில பிள்ளைக்கு ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு. குடோன் முன்னாடி நின்னு போனையும் மாடியையும் மாறி மாறிப் பாத்தான். அப்புறம் நேரா என் வாசலுக்கு வந்து போன நீட்டினான்.

"அக்கா, இவங்க இந்த மாடிதான? பாத்திருக்கீங்களா?"

நான் அடிச்ச வார்த்தை, அவன் கையில. என் மூஞ்சிக்கு நேரா.

"தெரியாது"ன்னேன். "அங்க யாரும் இல்ல."

அவன் சிரிச்சான். "பரவால்லக்கா. தெரிஞ்சாச் சொல்லுங்க. உங்க நம்பர் சொல்லுங்க, நான் அப்பப்பக் கூப்பிட்டுக் கேட்டுக்குறேன்."

நாள் பூரா ஊர் உலகத்தையே நம்பர் கேக்குறவ நான். இப்ப என்ன ஒருத்தன் கேக்குறான். "என்கிட்ட போன் இல்ல"ன்னேன். போன் என் கையிலதான் இருந்துச்சு. அவன் அதப் பாத்தான், என்னப் பாத்தான். திரும்பி நடந்தான். மூணு நாள் அந்தத் தெருவுலயே சுத்தினான். சேவுப் பொட்டலம் குடோன் படியில கெடந்து நமுத்துப் போச்சு, நான்தான் எடுத்துக் குப்பையில போட்டேன்.

பூக்காரிகிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன். அவ சரின்னு சொல்லல, வேண்டாம்னும் சொல்லல, ஒரு முழம் பூவ அளந்து குடுத்தா. அந்த ஆப்ப எடுத்தாச்சு. நான் ஏத்திக் குடுத்த நாலு பேரு போன்ல இருந்தும் எடுத்தாச்சு. வேலைய விட முடியல, எங்க வீட்டு நெலைமை அப்படி. யாராச்சும் நம்பர் குடுக்கத் தயங்கினா இப்ப நான் திட்டறதில்ல. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டு என் நம்பரப் போட்டுர்றேன். தனியா வர்ற பொம்பளைங்ககிட்ட நான் கேக்குறதே இல்ல. கம்ப்யூட்டர்ல நான் வாங்கின துணிக்கு இப்ப அளவே இல்ல, முதலாளி ஒரு நாள் கண்டுபுடிப்பாரு.

சேலை செக்சன் பொண்ணு போன்ல அப்பப்ப அந்தப் பழைய நம்பரத் தட்டிப் பாப்பேன். இன்னும் அப்படியேதான் இருக்கு.

என் போன் முன்னவிட அதிகமா அடிக்குது. பேரு வராது, வெறும் நம்பர்தான் வரும். மனைக்காரன், லோன்காரன், பால்பவுடர்காரி, யாரு கூப்பிட்டாலும் எடுத்துர்றேன். பில்லுக்கு நடுவுல எடுக்குறேன், முதலாளி முறைச்சாலும் எடுக்குறேன், சோத்துக் கையோட எடுக்குறேன். அவ படகுத்துறையில என் நம்பரப் பிள்ளை நோட்டுல எழுதி வாங்கிக்கிட்டுத்தான் போனா. எடுத்ததும் நான் மொதல்ல பேச மாட்டேன், அந்தப் பக்கம் யாரு குரலுன்னு காதக் குடுத்துட்டு நிப்பேன். இதுவரைக்கும் அவ கூப்பிடல.